அளக்கிற படமும் காட்டுகிற படமும்
வாசகர் கேள்வி–பதில்

நுண்ணோக்கிப் படம், ஸ்கேன் படம், வான் படம் என்று எதைப் பற்றிக் கடிதம் வந்தாலும் இந்த முறை எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். ஒரு மென்பொருளில் திறக்கிற கோப்பு இன்னொன்றில் திறக்க மறுக்கிறது. வேறு வடிவத்துக்கு மாற்றினால் ஏதோ ஒன்று காணாமல் போகிறது. சேலத்தில் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நுண்ணோக்கிகளோடு வெகுகாலம் இருந்தவன் என்பதால், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் வந்த இலைகளைச் சேகரித்து, அந்தப் பூஞ்சையின் ஸ்போர்களைப் படம் எடுத்திருக்கிறேன். கேமரா மென்பொருள் டிஃப் கோப்பாகத்தான் சேமித்தது. ஆனால் இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருளில் திறந்தால், "இந்த முறையில் சுருக்கிய டிஃப் கோப்பைத் திறக்க முடியாது" என்ற பொருளில் ஒரு செய்தியும், பக்கத்தில் 7 என்ற எண்ணும் வருகின்றன. தோழி ஒருத்தி ஆன்லைனில் போட்டு ஜேபெக் ஆக மாற்றித் தந்தாள். அது திறக்கிறது. அதை வைத்து அளக்கலாமா?
– ஆய்வு மாணவி, கருப்பூர்

பதில்: அந்த 7-ஐக் கவனித்து எழுதினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். விடை முழுக்க அதில்தான் இருக்கிறது.

டிஃப் என்ற பெயரை வைத்து, உள்ளே பிக்சல்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு டிஃப் கோப்பிலும் எந்த வகைச் சுருக்கம் என்பதற்கு ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். 1 என்றால் சுருக்கமே இல்லை. 5 என்றால் எல்இசட்டபிள்யூ, 8 என்றால் ஜிப் வகை. இவை எல்லாம் ஒரு பிக்சலைக்கூட மாற்றாமல் இடத்தை மட்டும் மிச்சப்படுத்துபவை. இமேஜ்ஜே இவற்றைத் திறந்துவிடும். 7 என்றால் டிஃப் பெயருக்குள் ஜேபெக் சுருக்கம்; அது பிக்சல்களையே கொஞ்சம் மாற்றிவிடும். அதை இமேஜ்ஜே தானாகத் திறக்காது. ஆக, உங்கள் கேமரா மென்பொருள் கேட்காமலேயே ஜேபெக் ஆக்கி, மேலே டிஃப் என்று பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறது. தோழி அதைப் பிரித்து மறுபடியும் ஜேபெக் ஆக்கியிருக்கிறார். படம் இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறது. அந்தக் கோப்பைத் தனியே ஒதுக்கிவையுங்கள். மாற்றித் தரும் தளங்கள் சில பிக்சல் எண்ணிக்கையையும் குறைத்துவிடும். அது நடந்திருந்தால் அளவு மொத்தமாகப் போச்சு.

மூலக் கோப்புக்குத் திரும்புங்கள். இமேஜ்ஜே என்பது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பண்ட் எழுதிய இலவச மென்பொருள். அதையே தேவையான துணை நிரல்களோடு சேர்த்துத் தருவது ஃபிஜி. ஃபிஜியை இறக்கிக்கொண்டு, ப்ளகின்ஸ் மெனுவில் பயோ-ஃபார்மட்ஸ், அதற்குள் இம்போர்ட்டர் என்று போய் உங்கள் டிஃப் கோப்பைத் திறந்து பாருங்கள். 7 வகையையும் அது படிக்கும். திறந்ததும் ஃபைல், சேவ் ஆஸ், டிஃப் என்று சேமியுங்கள். இப்போது சுருக்கம் இல்லாத டிஃப் கிடைக்கும். கோப்பு பெரிதாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். 50 லட்சம் பிக்சல் உள்ள சாதாரண வண்ணப் படம், பிக்சலுக்கு 3 பைட் வீதம், சுமார் 1 கோடியே 50 லட்சம் பைட் வரத்தான் செய்யும்.

அப்படி மாற்றுவதால் முதல் ஜேபெக்கில் போனது திரும்பி வருமா? வராது. ஜவ்வரிசி ஆன பிறகு அதிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வராது என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்கொண்டு சேதம் நடக்காமல் நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

சரி, முதலில் நடந்த சேதம் எவ்வளவு? எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிவிடும். இலைத்துருப் பூஞ்சையின் ஸ்போர் சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம். பெரிய உருப்பெருக்கத்தில் எடுத்திருந்தால் ஒரு ஸ்போர் நூற்றுக்கும் மேற்பட்ட பிக்சல் நீளம் வரும். அதில் ஓரம் ஒரு பிக்சல் மழுங்கினால் நீள அகலக் கணக்கு பெரிதாக மாறாது. ஆகவே நீளம், அகலம், எண்ணிக்கை ஆகியவற்றை இந்தப் படங்களிலேயே எடுக்கலாம் என்பது என் கருத்து. "படம் ஜேபெக் சுருக்கத்தில் பதிவானது" என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நிறத்தை மட்டும் அளக்காதீர்கள். கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரிகிற அளவுக்கு நிற வேறுபாடு தெரியாது என்பதால், ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலைப் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் வைத்துக்கொள்ளும். அந்த ஆரஞ்சு நிறம் ஸ்போரின் ஓரத்தைத் தாண்டிக் கசிந்திருக்கும். அதேபோல இந்தப் பூஞ்சையின் ஸ்போருக்கு ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் முள் முள்ளாக இருக்கும் அல்லவா? அந்த முட்களை எண்ணும் வேலையையும் இந்தப் படத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜேபெக் தோராயமாக்குவது முதலில் அந்த மாதிரி நுணுக்கத்தைத்தான்.

ஸ்லைடு இன்னும் கையில் இருந்தால், கேமரா மென்பொருளின் சேமிப்பு அமைப்பில் போய்ச் சுருக்கம் வேண்டாம் என்றோ எல்இசட்டபிள்யூ என்றோ மாற்றிவிட்டு மறுபடி எடுப்பதுதான் உத்தமம். கூடவே, 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் அதே லென்ஸில், அதே கேமரா அமைப்பில் ஒரு படம் எடுத்துவையுங்கள். அதன் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 10 மைக்ரான். ஜேபெக் ஆக்கினால் இமேஜ்ஜேயில் வைத்த அளவுகோல் கோப்போடு வராது. இந்த ஒரு படம் இருந்தால், எத்தனை பிக்சல் எத்தனை மைக்ரான் என்று இமேஜ்ஜேயின் செட் ஸ்கேலில் எப்போது வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம்.

1869-ல் இலங்கையில் பதிவாகி, பிறகு அந்தத் தீவின் காப்பியையே அழித்துத் தேயிலைக்கு வழி விட்ட நோய் இது. சேர்வராயன் மலையின் அராபிகாச் செடிகளில் அதைப் பார்த்து ஒழுங்காக அளந்து வைக்க ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வேலையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை 16 பிட் டிஃப் படங்களாக எடுத்தோம். கேமரா மென்பொருளில் பார்த்தபோது மருந்து கொடுத்த செல்கள் நன்றாகப் பிரகாசமாகவும், கொடுக்காதவை மங்கலாகவும் இருந்தன. கருத்தரங்கில் காட்டுவதற்காக இமேஜ்ஜேயில் 8 பிட் ஆக மாற்றி பிஎன்ஜி ஆகச் சேமித்தேன். இரண்டும் ஒரே மாதிரி பிரகாசமாகிவிட்டன. பிஎன்ஜி இழப்பில்லாத வடிவம் என்று படித்தேனே?
– உயிர்நுட்பவியல் மாணவர், சேலம்

பதில்: பிஎன்ஜி இழப்பில்லாததுதான். அதன் மேல் பழி போட வேண்டாம். அதற்கு முந்தைய படியில் நடந்திருக்கிறது இது.

16 பிட் படத்தில் 65,536 படிகள் உண்டு. ஆய்வகக் கேமராக்கள் பல 12 பிட் தான், அதாவது 0 முதல் 4,095 வரை மட்டும் பயன்படுத்தும். 8 பிட் என்றால் 256 படிகள். அத்தனையையும் 256-க்குள் அடைக்க இமேஜ்ஜே ஒரு வழி வைத்திருக்கிறது. திரையில் அப்போது எந்த மதிப்பு கறுப்பாகவும் எந்த மதிப்பு வெள்ளையாகவும் காட்டப்படுகிறதோ, அந்த இரண்டையும் 0, 255 என்று வைத்து நடுவில் உள்ளதைப் பங்கிட்டுவிடும். 16 பிட் படத்தைத் திறந்ததுமே அந்தப் படத்தின் மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும்தான் இமேஜ்ஜே கறுப்பு வெள்ளையாக எடுத்துக்கொள்கிறது. மருந்து கொடுக்காத படத்தில் உச்சம் 800, கொடுத்ததில் 3,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 800-ம் 255 ஆகும், 3,200-ம் 255 ஆகும். நான்கு மடங்கு வித்தியாசம் ஒரு சொடுக்கில் மறைந்துவிட்டது. அந்த 8 பிட் படத்தில் இனி எந்தக் கணக்குப் போட்டாலும் அதை மீட்க முடியாது.

வழி எளிதுதான். இரண்டு படத்தையும் 16 பிட்டிலேயே திறந்து வையுங்கள். பிரைட்னஸ் காண்ட்ராஸ்ட் சன்னலில் செட் என்ற பொத்தானை அழுத்தி, குறைந்தது 0, அதிகம் 3,500 என்பதுபோல இரண்டுக்கும் பொதுவான எண்களைக் கொடுங்கள். திறந்திருக்கும் மற்ற படங்களுக்கும் இதையே வை என்று அங்கேயே ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும்; அதையும் தட்டிவிடுங்கள். அப்புறம் 8 பிட் ஆக்குங்கள். உங்கள் வித்தியாசம் அப்படியே நிற்கும். அதே சன்னலில் உள்ள அப்ளை பொத்தானைத் தொடாதீர்கள். செட் மாற்றுவது திரையில் காட்டுகிற விதத்தை மட்டும். அப்ளை பிக்சல் எண்ணையே மாற்றிவிடும்.

ஆய்வேட்டின் அட்டவணையில் போகிற எண்கள் 16 பிட் மூலத்தில் அளந்தவையாகவே இருக்க வேண்டும். அளக்கிற படம் வேறு, காட்டுகிற படம் வேறு. இரண்டையும் வேறு வேறு ஃபோல்டரில் வைத்துப் பழகிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பு படிக்கிறேன். பயிற்சிக்குக் கொடுத்த சிடி ஸ்கேன் கோப்புகளை இமேஜ்ஜேயில் திறந்தால், சுருக்கப்பட்ட டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) படத்தைத் திறக்க முடியாது என்று சொல்லி, 1.2.840-ல் தொடங்கி 4.70-ல் முடியும் நீளமான எண்ணைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– மாணவர், அம்மாபேட்டை

பதில்: தம்பி, நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

டைகாம் கோப்பிலும் எந்த வகைச் சுருக்கம் என்பதற்கு ஒரு நீண்ட எண் உண்டு. கடைசி இலக்கங்களைப் பார்த்தால் போதும். 4.70 என்றால் இழப்பில்லாத ஜேபெக். ஆமாம், ஜேபெக் குடும்பத்திலேயே இழப்பில்லாத ஒரு வகை இருக்கிறது. மருத்துவத் துறைதான் அதை அதிகம் பயன்படுத்துகிறது. 4.50 என்று முடிந்தால் அது நம் செல்போன் ஜேபெக் போல இழப்புள்ளது. 4.90 என்றால் ஜேபெக் 2000-ல் இழப்பில்லாத வகை. 4.91 என்றால் இழப்பு இருக்கலாம். உங்களுடையது 4.70 என்பதால் ஸ்கேன் கருவி கொடுத்த எண்கள் ஒன்றுவிடாமல் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. பிரித்து எடுத்தால் போதும்.

அதற்கு ஜிடிசிஎம் தொகுப்பில் உள்ள ஜிடிசிஎம்கான்வ் என்ற நிரலோ, டிசிஎம்டிகே தொகுப்பில் உள்ள டிசிஎம்டிஜேபெக் என்ற நிரலோ போதும். இரண்டும் இலவசம். சுருக்கத்தை நீக்கி அதே டைகாம் வடிவிலேயே கோப்பைத் தரும். அதை இமேஜ்ஜே தடையில்லாமல் திறக்கும். கட்டளை வரி பழக்கமில்லை என்றால், முதல் பதிலில் சொன்ன ஃபிஜியின் பயோ-ஃபார்மட்ஸ் இம்போர்ட்டரையே முயன்று பாருங்கள்.

திறந்த பிறகு ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். சிடி படத்தின் ஒவ்வொரு பிக்சலும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண். சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்ததற்காக 1979-ல் ஆலன் கார்மாக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வந்த அளவு அது. நீர் 0, காற்று கழித்தல் 1,000. உடலுக்கு வெளியே, நோயாளியைச் சுற்றியுள்ள காற்றில் சுட்டியை வைத்துப் பாருங்கள். கழித்தல் 1,000-க்குப் பக்கத்தில் வந்தால் மாற்றம் சரி. 24, 30 என்பதுபோல வந்தால், கோப்பின் தலைப்பில் இருக்கும் கழித்தல் 1,024 என்ற ஈடுசெய் எண்ணை மென்பொருள் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஜேபெக் ஆக்கினால் இந்த எண்கள் எல்லாமே போய், 256 சாம்பல் படிகள்தான் மிஞ்சும். கறுப்பு வெள்ளை வரம்பை நுரையீரலுக்கு ஏற்றபடி வைத்து மாற்றிய படத்தில் எலும்பு முழுக்க ஒரே வெள்ளையாக நிற்கும். அதில் என்ன அளப்பது?

மூளைப் பட ஆய்வு செய்கிறவர்கள் டைகாமை நிஃப்டி என்ற கோப்பு வடிவுக்கு மாற்றுவார்கள். டிசிஎம்2நிக்ஸ் என்ற நிரல் அதற்குப் பெயர் பெற்றது. கடைசியில் ஜிஇசட் என்று முடியும் கோப்பு வரும். அது கோப்பு முழுவதையும் இழப்பில்லாமல் சுருக்குவது, பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, இதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். டைகாம் கோப்புக்குள் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். பயிற்சிக்குத் தந்ததாக இருந்தாலும் இணையத்தில் மாற்றித் தரும் தளங்களில் அதை ஏற்றாதீர்கள். உங்கள் கணினியிலேயே மாற்றுங்கள். நண்பருக்கு அனுப்புவதற்கு முன் பெயர் விவரங்களை நீக்குங்கள். யாரோ ஒருவர் உடம்புக்கு முடியாத நாளில் எடுத்த படம் அது.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் எடுத்த சார்னோகைட் பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, நண்பர் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பதை டிஃப் என்று மாற்றினேன். இமேஜ்ஜேயிலும் திறந்தது. மாற்றம் முடிந்துவிட்டதா?
– நிலவியல் மாணவர், சூரமங்கலம்

பதில்: பெயர்தான் மாறியிருக்கிறது. இமேஜ்ஜே பெயரை நம்பாமல் கோப்பின் முதல் சில பைட்களைப் பார்த்து, ஜேபெக் என்று புரிந்துகொண்டு திறந்திருக்கிறது. பெயரைப் பழையபடி ஆக்கிவிடுங்கள், நாளைக்கு வேறொருவர் அதை டிஃப் என்று நம்பி ஏமாறக்கூடாது.

வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் பிக்சலைக் குறைத்து மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும். சார்னோகைட்டில் ஹைப்பர்ஸ்தீன் கனிமத்தை அடையாளம் காண, மேடையைச் சுழற்றும்போது இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு நிறம் மாறுவதைத்தானே பார்க்கிறோம்? அது மிக மெல்லிய நிறம். முதல் கேள்விக்குச் சொன்னதுபோல, ஜேபெக் கை வைப்பது நிறத்தில்தான். செல்போனில் ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுக்கும் வசதி இருந்தால் அதில் எடுத்து 16 பிட் டிஃப் ஆக மாற்றச் சொல்லுங்கள். வெள்ளைச் சமநிலையையும் ஒரே அமைப்பில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேமராவே ஒவ்வொரு கோணத்துக்கும் நிறத்தைத் திருத்திவிடும்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்குக் காட்ட, விண்வெளித் தொலைநோக்கிப் படங்களை இறக்கினேன். சில கோப்புகள், வானியல் படங்களுக்கான வடிவமான ஃபிட்ஸ் என்று முடியாமல் எஃப்இசட் என்று முடிகின்றன. மாற்றியபின் சில படங்கள் தலைகீழாகவும் இருக்கின்றன.
– ஆசிரியை, ஏற்காடு

பதில்: எஃப்இசட் என்பது ஃபிட்ஸ் கோப்பைச் சுருக்கியது. நாசா தரும் ஃபன்பேக் என்ற நிரல் பிரித்துத் தரும். டிஎஸ்9 என்ற வானியல் படம் பார்க்கும் மென்பொருள் நேரடியாகவே திறக்கும். முழு எண் பிக்சல்கள் என்றால் வழக்கமாகச் சுருக்கம் இழப்பில்லாதது. தசம எண் பிக்சல்கள் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் தோராயமாக்கியிருப்பார்கள். வகுப்பில் காட்ட அது ஒரு குறையே அல்ல. தலைகீழாவதற்குக் காரணம், ஃபிட்ஸ் படத்தில் முதல் பிக்சல் கீழ் இடது மூலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். சாதாரணப் பட வடிவங்களில் அது மேல் இடது மூலை. செங்குத்தாக ஒருமுறை திருப்பிவிடுங்கள், 180 பாகை சுழற்றாதீர்கள். சுழற்றினால் இடம் வலமும் மாறி, வான்வரைபடத்தோடு ஒத்துப்போகாது.

கேள்வி: எங்கள் துறைக் கணினியில் இடமே இல்லை. பழைய டிஃப் படங்களையும், கன்ஃபோக்கல் நுண்ணோக்கி தன் சொந்த வடிவில் கொடுத்த சிஇசட்ஐ கோப்புகளையும் சுருக்கிவிட்டு மூலத்தை அழிக்கச் சொல்கிறார்கள். எப்படிச் சுருக்குவது?
– ஆய்வகப் பொறுப்பாளர், சேலம்

பதில்: ஃபிஜியில் உள்ள பயோ-ஃபார்மட்ஸ் எக்ஸ்போர்ட்டர் சேமிக்கும்போது எந்தச் சுருக்கம் வேண்டும் என்று கேட்கும். நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால் அதே தொகுப்பின் பிஎஃப்கன்வர்ட் நிரலை வைத்து இரவில் ஓடவிடலாம். எல்இசட்டபிள்யூவை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். இரைச்சல் நிறைந்த 16 பிட் படங்களில் அது கோப்பைச் சில சமயம் மூலத்தைவிடப் பெரிதாக்கிவிடும். அவற்றுக்கு ஜிப் வகையை முயன்று பாருங்கள். சாதாரண டிஃப் 4 ஜிபிக்கு மேல் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்; பெரிய அடுக்குப் படங்களுக்கு பிக்டிஃப் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதையும் அழிப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தையும் சுருக்கியதையும் ஒரே நேரத்தில் திறந்து, ப்ராசஸ் மெனுவில் இமேஜ் கால்குலேட்டர், அதில் டிஃபரன்ஸ் தேர்ந்தெடுங்கள். சப்ட்ராக்ட் வேண்டாம், 8 பிட், 16 பிட் படங்களில் அது கழித்தல் மதிப்பு வரும் இடங்களை 0 என்று காட்டிவிடும், பிழை ஒளிந்துகொள்ளும். வரும் படத்தில் மெஷர் போட்டு உச்ச மதிப்பைப் பாருங்கள். 0 என்றால் இரண்டும் அச்சாக ஒன்று. 1 வந்தாலும் எங்கோ இழப்பு நடந்திருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தப் படம் கறுப்பாகத்தான் தெரியும்.

டிஃப் படங்களை இப்படிச் சரிபார்த்து மூலத்தை அழிக்கலாம். சிஇசட்ஐ கோப்புகளை அழிப்பதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த லென்ஸ், எந்த லேசர், எவ்வளவு திறன், அடுக்குகளுக்கு இடையே எத்தனை மைக்ரான் என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. விவரங்களையும் படத்தோடு வைத்துக்கொள்ளும் டிஃப் வகையான ஓஎம்இ-டிஃப் ஆக மாற்றினால் இதில் பெரும்பகுதி கூடவே வரும். சாதாரண டிஃப் ஆக மாற்றினால் அநேகமாக எல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே வேலைக்கு ஓஎம்இ-டிஃப் பிரதி ஒன்று கணினியில் இருக்கட்டும். சிஇசட்ஐ மூலக் கோப்புகள் முழுவதையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அதன் இன்னொரு பிரதியை வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலையை, அந்தப் படங்களை மறுபடி எடுக்கத் தேவையான சாயம், செல், நுண்ணோக்கி வாடகை ஆகியவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுங்கள். பணம் ஒதுக்க அந்த ஒரு தாள் போதும்.